சிஎஸ்எஸ் ப்ரொஃபைலுக்கு ஆவணம் மொழிபெயர்ப்போர் கவனத்திற்கு

வணக்கம். சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் என்பது அமெரிக்கக் கல்லூரிகளுக்கான நிதியுதவி விண்ணப்பம். அதற்காகத் தமிழ் ஆவணங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கும் பெற்றோர் பொறுமையாகப் படியுங்கள்.

அதிகம் தவறுவது பட்டாவில்தான். பரப்பு ‘0 - 40.50’ என்றிருந்தால் 0 ஹெக்டேர், 40.50 ஏர் (ஏர் என்பது ஹெக்டேரில் நூறில் ஒரு பங்கு); அதாவது சுமார் 1 ஏக்கர். நாற்பது ஏக்கர் என்று எழுதிவிட்டால் பிள்ளை பெரிய நிலக்கிழார் வீட்டுப் பிள்ளையாகிவிடும், உதவித்தொகை குறையும். நன்செய், புன்செய் என்பதையும் விளக்கிவிடுங்கள்.

தொகையை டாலராக மாற்றாதீர்கள். மூலத்தில் உள்ளபடி ரூபாயிலேயே இருக்கட்டும். 8,50,000 என்ற காற்புள்ளி அங்கே குழப்பும், 850,000 என்று போடுங்கள்.

வருமான வரிக் கணக்கில் மதிப்பீட்டு ஆண்டு 2024-25 என்றால் வருமானம் 2023 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரையிலானது. இதை ஒரு வரிக் குறிப்பாகச் சேருங்கள்.

முத்திரை, கையெழுத்து, ஓரத்தில் பேனாவால் எழுதியது எதையும் விடக்கூடாது. பெயர் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டலில். மூலப்படியையும் மொழிபெயர்ப்பையும் ஒரே பிடிஎஃப்பில் இணையுங்கள்.