போன் வாங்கிய அன்றே மாற்ற வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஸ்மார்ட்போனால் நன்மையா தீமையா என்ற கேள்வி எழும்போதெல்லாம் ஒரு சாரார் ‘பிடுங்கி வையுங்கள்’ என்கிறார்கள். மறுசாரார் ‘காலம் மாறிவிட்டது, பழகிக்கொள்ளுங்கள்’ என்கிறார்கள். இரு தரப்புமே ஒன்றை விட்டுவிடுகிறார்கள். பெட்டியைப் பிரிக்கும்போது போன் எந்த நிலையில் இருந்ததோ, அதே நிலையில்தான் நம்மில் பெரும்பாலோர் கடைசிவரை அதை வைத்திருக்கிறோம். ஒரு வீடியோ முடிந்தால் அடுத்தது தானாக ஓடும், வாட்ஸ்அப்பில் வரும் படமெல்லாம் தானாக இறங்கும், கேட்டதும் ‘அனுமதி’ என்று அழுத்திவிட்ட செயலிகளெல்லாம் நடு இரவிலும் ஓசை எழுப்பும். இவற்றை மாற்ற அரை மணி நேரம் போதும். ஆனால் அந்த அரை மணி நேரம் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவர்கள்தான் குறைவு.

போனால் கிடைக்கும் நன்மை சிறியதல்ல. பார்வையற்றவருக்கு ‘டாக்பேக்’ வசதி திரையில் உள்ளதை வாசித்துக் காட்டுகிறது. காது கேளாதவர், எதிரில் இருப்பவர் தமிழில் பேசுவதை எழுத்தாகப் படிக்க முடிகிறது. வளைகுடாவில் வேலை செய்யும் மகனின் முகத்தை ஊரில் இருக்கும் தாய் தினமும் பார்க்கிறார். பிடுங்கி வைத்தால் இவையும் சேர்ந்தே போய்விடும்.

கெடுதல் எங்கிருந்து வருகிறது? முன்பு இணையப் பக்கத்துக்கு ஒரு முடிவு இருந்தது. கீழே வந்ததும் ‘அடுத்த பக்கம்’ என்பதை அழுத்த வேண்டும்; அந்த நொடியில் ‘போதும்’ என்று எழுந்துவிட வாய்ப்பிருந்தது. 2006இல் ஆஸா ராஸ்கின் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர், பக்கம் முடியாமல் தொடர்ந்து கீழே போய்க்கொண்டே இருக்கும் முறையை உருவாக்கினார். அதற்காகப் பின்னாளில் அவரே வெளிப்படையாக வருந்தினார். இன்றைய ரீல்ஸ், ஷார்ட்ஸ் எல்லாம் அந்த வழியில் வந்தவையே. திரையைத் தள்ளும் ஒவ்வொரு முறையும் நல்ல வீடியோ வராது, எப்போதாவதுதான் வரும். உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களைக் கொண்டு செய்த சோதனைகளில் கண்டதும் இதுதான்: எத்தனை முறை கொத்தினால் தீனி விழும் என்று தெரியாத புறா, கொத்துவதை எளிதில் நிறுத்துவதில்லை. ‘மனக்கட்டுப்பாடு இல்லை’ என்று பிள்ளையைத் திட்டுவதற்கு முன் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

வடிவமைப்பை மாற்றினால் மனிதர் நடத்தையும் மாறும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 2018 மே மாதம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்கு வந்த குடும்பத்தைப் பிள்ளை பிடிப்பவர்கள் என்று எண்ணி ஊரார் தாக்கியதில் ஒரு மூதாட்டி இறந்தார். அப்போது வாட்ஸ்அப்பில் பரவிக்கொண்டிருந்த வதந்திகளே அதற்குக் காரணம். அதே ஆண்டு ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறி வந்த செய்தியை ஒரு முறைக்கு ஒருவருக்கு மட்டுமே அனுப்ப முடியும் என்றாக்கியது. அதன்பின் அத்தகைய செய்திகள் 70% குறைந்தன என்று அந்நிறுவனமே அறிவித்தது. அனுப்புகிறவர்கள் அதே மனிதர்கள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்ப வேண்டியிருந்தது, அவ்வளவே.

இனி வீட்டில் செய்ய வேண்டியவற்றுக்கு வருவோம். ஆண்ட்ராய்டு போனில் ‘அமைப்புகள்’, ‘அறிவிப்புகள்’ என்று உள்ளே சென்றால் எல்லாச் செயலிகளின் பட்டியலும் வரும். அழைப்பு, எஸ்எம்எஸ், வங்கி, வாட்ஸ்அப் ஆகியவற்றை மட்டும் விட்டுவிட்டு, விளையாட்டு, ஷாப்பிங், செய்தி, வீடியோ எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். வாட்ஸ்அப் குரூப்களை ‘எப்போதும்’ என்ற கால அளவில் மியூட் செய்யுங்கள். உங்கள் பெயரைக் குறிப்பிட்டு யாராவது எழுதினால் அப்போதும் தெரியவரும், பயம் வேண்டாம். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் ‘ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா’ பகுதியில் தானாக டவுன்லோடு ஆவதை மொபைல் டேட்டா, வைஃபை, ரோமிங் மூன்றிலும் நிறுத்த வேண்டும். ஒன்றில் மட்டும் நிறுத்திவிட்டு ‘இன்னும் படம் இறங்குகிறதே’ என்பவர்கள் ஏராளம். வயதானவர்கள் வைத்திருக்கும் போனில் ‘பிரைவசி’, ‘கால்ஸ்’ என்று சென்று, அறிமுகமில்லாத எண்ணிலிருந்து வரும் வாட்ஸ்அப் அழைப்பு ஒலிக்காதபடி செய்துவிடுங்கள். போலீஸ் போல நடித்து ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டும் மோசடிக்காரர்களுக்கு வாட்ஸ்அப் வீடியோ அழைப்பு ஒரு முக்கிய வாசல்.

யூடியூபில் ஆட்டோபிளேயை அணைப்பது முதல் படி. அதைவிடப் பலன் தருவது வேறொன்று. பார்த்த வீடியோக்களின் வரலாற்றை நிறுத்திவைத்து, பழைய வரலாற்றையும் அழித்துவிட்டால் முகப்புப் பக்கம் வெறுமையாகிவிடும். 2023 ஆகஸ்டிலிருந்து அந்தச் செயலி இப்படித்தான் இயங்குகிறது. வேண்டியதைத் தேடிப் பார்க்கலாம், பின்தொடரும் சேனல்களைப் பார்க்கலாம். தேடாமல் எதுவும் முகப்பில் வந்து நிற்காது. நிறுத்துவதோடு விட்டு, பழையதை அழிக்காமல் இருந்தால் பரிந்துரைகள் வந்துகொண்டேதான் இருக்கும். பாதியில் விட்ட வீடியோவை விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது என்பது இதில் உள்ள குறை. படிக்கிற பிள்ளைகள் உள்ள வீட்டில் அந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ளலாம்.

செயலிக்கு நாள் ஒன்றுக்கு இத்தனை நிமிடம் என்று கெடு வைக்கும் வசதி ‘அமைப்புகள்’ உள்ளே ‘டிஜிட்டல் வெல்பீயிங்’ பகுதியில் உண்டு. பெரியவர்கள் தங்களுக்கே வைத்துக்கொள்ளும்போது இது பெரும்பாலும் தோற்கிறது. கெடு முடிந்ததும் நாமே உள்ளே போய் நீட்டித்துக்கொள்ளலாம். அல்லது அதே தளத்தைக் குரோமில் திறந்துகொள்ளலாம். அதிகம் இழுக்கும் செயலியைப் போனிலிருந்தே எடுத்துவிட்டு, தேவைப்படும்போது குரோமில் கடவுச்சொல் போட்டு உள்ளே போவது மேல். அந்தச் சிரமமே ஒரு தடுப்பு.

தூக்கத்துக்கு மஞ்சள் ஒளி வைத்தால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். திரையின் நிறம் சிறு பங்குதான். படுக்கையில் கையில் என்ன ஓடுகிறது, அதனால் படுக்கும் நேரம் எவ்வளவு தள்ளிப்போகிறது என்பதே பெரும்பங்கு. சார்ஜரைக் கூடத்துக்கு மாற்றுங்கள். ‘அவசர அழைப்பு வந்தால்?’ என்பார்கள். போனின் ஓசைகளை அடக்கிவைக்கும் ‘டூ நாட் டிஸ்டர்ப்’ வசதியில் நட்சத்திரமிட்ட எண்களுக்கு மட்டும் அனுமதி தரலாம். ஒரே எண்ணிலிருந்து 15 நிமிடத்துக்குள் இரண்டாம் முறை அழைத்தால் ஒலிக்கச் செய்யவும் தனித் தேர்வு உண்டு. முதலில் பெற்றோர், பிள்ளைகள், டாக்டர் எண்களுக்கு நட்சத்திரம் இட்ட பிறகே இதைத் தொடங்க வேண்டும். அலாரம் அனுமதிப் பட்டியலில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் காலையில் அதுவும் ஒலிக்காது.

நம் வீடுகளில் மிகப் பெரிய சிக்கல் வேறொரு இடத்தில் இருக்கிறது. 2021இல் யூடியூப், 13 முதல் 17 வயதுவரை உள்ளவர்களுக்கு ஆட்டோபிளேயைத் தொடக்கத்திலேயே அணைத்துவைப்பதாக அறிவித்தது. 2023இல் வந்த நம் நாட்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டவர்களின் நடத்தையைப் பின்தொடர்வதையும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதையும் 9ஆம் பிரிவில் தடை செய்கிறது. நல்ல ஏற்பாடுகள்தான். ஆனால் இங்கே பிள்ளையின் கையில் இருப்பது அப்பாவின் போன், அப்பாவின் கணக்கு. நிறுவனத்தின் கணக்குப்படி அந்த நேரத்தில் ரீல்ஸ் பார்ப்பவருக்கு வயது 42. பிள்ளைக்கு உரிய எந்தப் பாதுகாப்பும் அந்தப் பிள்ளையைச் சென்றடைவதில்லை.

பிள்ளைக்குத் தனிப் போன் இருந்தால், சரியான பிறந்த தேதியுடன் தனிக் கணக்கு தொடங்கி, பெற்றோர் கண்காணிக்க உதவும் கூகுளின் ‘ஃபேமிலி லிங்க்’ செயலியில் இணைக்க வேண்டும். வயதைக் கூட்டிப் போட்டால் எல்லாம் வீண். ஒரே போனைப் பகிரும் வீட்டில் ‘ஆப் பின்னிங்’ கைகொடுக்கும். ‘அமைப்புகள்’, ‘பாதுகாப்பு’ பகுதியில் அதை இயக்கி, விடுவிக்கும்போது பின் எண் கேட்கும்படி வையுங்கள். பிறகு வேண்டிய செயலியைத் திறந்து, அண்மைச் செயலிகள் திரையில் அதன் சின்னத்தைத் தொட்டால் ‘பின்’ என்று வரும். அழுத்திவிட்டால் பிள்ளை அந்தச் செயலியை விட்டு வெளியே போக முடியாது. பின் எண்ணைப் பிள்ளையின் கண் முன்னால் போடாதீர்கள். யூடியூப் கிட்ஸ் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பெற்றோர் பூட்டாக அது கேட்பது ஒரு பெருக்கல் கணக்கு. வாய்ப்பாடு தெரிந்த பிள்ளைக்கு அது பூட்டே இல்லை. அதற்குப் பதில் சொந்தக் கடவுஎண் அமைத்துக்கொள்ளலாம்.

சின்னஞ்சிறு குழந்தைகளுக்கு எந்த அமைப்பும் தீர்வாகாது. இரண்டு வயது ஆகும்வரை திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் கூறியது. வீடியோ காட்டிச் சோறூட்டும் பழக்கம் இன்று வீட்டுக்கு வீடு. திரையில் லயித்த குழந்தை மெல்லாமல் விழுங்கும், வயிறு நிறைந்ததை உணராது. பழக்கத்தை விடுவிக்கும் முதல் சில நாட்கள் குழந்தை குறைவாகச் சாப்பிடும். அதற்கு அஞ்சியே பலர் மறுபடியும் போனை நீட்டிவிடுகிறார்கள்.

பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள். கொரோனா காலத்தில் வாட்ஸ்அப்புக்குப் போன வீட்டுப்பாடத்தை டைரிக்கே திரும்பக் கொண்டுவாருங்கள். ‘பாடம் வந்திருக்கும்’ என்று போனைக் கேட்கும் பிள்ளைக்கு எந்தப் பெற்றோராலும் மறுப்புச் சொல்ல முடியாது. குரூப் தேவையென்றால் அட்மின் மட்டுமே எழுதும்படி அமைத்து, மாலை ஐந்து மணிக்குள் செய்தியை முடித்துவிடலாம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், மேலே சொன்னவற்றைப் பெற்றோரின் கையிலிருக்கும் போனிலேயே செய்து காட்ட ஒரு கணினி ஆசிரியர் போதும்.

இவ்வளவு செய்தும், போனைக் கையிலிருந்து எடுத்தால் வன்முறை, பள்ளிக்குப் போக மறுப்பு, பல நாள் தூக்கமின்மை என்று நீடித்தால் அது செட்டிங்ஸால் தீரும் விஷயமல்ல. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இதற்கென்றே 2014 முதல் தனிப் பிரிவு இயங்குகிறது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம். கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம்.

இப்படிக்கு,
கைபேசிப் பயன்பாட்டுப் பயிற்றுநர்கள்,
திருச்சிராப்பள்ளி