ஆண்டு விழாவுக்கு எவ்வளவு பானகம் போடுவது? பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். வரும் 27ஆம் தேதி வெள்ளிக்கிழமை மாலை நம் பள்ளியின் ஆண்டு விழா. விழாவுக்கு வரும் எல்லாருக்கும் பானகமும் நீர்மோரும் நாமே போட்டுக் கொடுப்பது என்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் முடிவானது உங்களுக்குத் தெரியும். வெல்லம் தருகிறோம், தயிர் தருகிறோம் என்று பல வீடுகளிலிருந்து சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். ரொம்ப சந்தோஷம். மொத்தம் எவ்வளவு போடுவது, யார் எதைக் கொண்டு வருவது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளத்தான் இந்தக் கடிதம்.

வழக்கமாக நாம் அண்டாவை வைத்துத்தான் கணக்குச் சொல்வோம். ஒரு பெரிய அண்டா போதும் என்பார் ஒருவர், பத்தாது, ரெண்டு போடுங்கள் என்பார் இன்னொருவர். இரண்டு பேர் மனதிலும் இருப்பது வேறு வேறு அண்டா. அதனால் அண்டாவிலிருந்து தொடங்காமல், ஆளுக்கு எத்தனை டம்ளர் என்பதிலிருந்து தொடங்குவோம். இதில் எனக்கு ஒரு கவலை உண்டு. நான்கு மணிக்கே வந்துவிடுகிறவர்களுக்கு எப்படியும் கிடைத்துவிடும். வேலை முடிந்து, பஸ் பிடித்து, ஆறு மணிக்கு மேல் வந்து சேரும் அப்பா அம்மாவுக்குத்தான் தீர்ந்துபோச்சு என்ற பதில் கிடைக்கிறது. அவர்களுக்கும் முழு டம்ளர் கிடைக்க வேண்டும். அதற்குப் பயந்து அளவுக்கு மீறிப் போட்டு, இரவு எட்டு மணிக்கு மிச்சத்தைச் செடிக்கு ஊற்றுவதும் எனக்குச் சம்மதமில்லை. நீங்கள் வீட்டுச் செலவைச் சுருக்கிக் கொடுக்கும் வெல்லம் அது.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளையே இந்தக் கணக்கைப் போடச் சொன்னேன். பள்ளியில் 212 பிள்ளைகள். மூன்றரை மணிக்கு ஒரு டம்ளர், மேடையிலிருந்து இறங்கியதும் ஒரு டம்ளர் என ஆளுக்கு இரண்டு. ஆக 424 டம்ளர். அண்ணன் தங்கைகளைச் சேர்த்துப் பார்த்தால் ஏறக்குறைய 150 வீடுகள். வீட்டுக்கு இரண்டு பெரியவர்கள் என்று 300 பேர். ஆசிரியர்கள், சத்துணவுப் பணியாளர்கள், அக்கம்பக்கத்தார், விருந்தினர்கள் என்று இன்னும் 40 பேர். பெரியவர்களுக்கு ஆளுக்கு ஒன்று வைத்தால் 340. எல்லாம் சேர்த்து 764 டம்ளர். கைக்குழந்தைகளைச் சேர்க்கவில்லை, அம்மாவின் டம்ளரில் இரண்டு வாய் குடித்தால் அவர்களுக்குப் போதும்.

அடுத்து, ஒரு டம்ளர் என்றால் எவ்வளவு என்ற கேள்வி வந்தது. பிள்ளைகள் வீட்டிலிருந்து ஆளுக்கொரு டம்ளர் கொண்டுவந்து, அறிவியல் அறையிலிருந்த அளவு சாடியில் தண்ணீர் ஊற்றி அளந்தார்கள். காபி டம்ளர் ஒன்று 120 மில்லி பிடித்தது. தாத்தா பெயர் வெட்டிய பழைய எவர்சில்வர் டம்ளர் ஒன்று 300 மில்லியைத் தாண்டியது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் அவ்வளவு வித்தியாசம் இருப்பதாகவே தெரியவில்லை. டம்ளரைப் பார்த்து ஊற்றினால் ஒரே வரிசையில் ஒருவருக்குக் கொஞ்சமும் அடுத்தவருக்கு இரண்டு மடங்கும் போய்விடும். ஆகவே 150 மில்லி பிடிக்கும் கரண்டி ஒன்றை எடுத்துவைத்திருக்கிறோம். எந்த டம்ளராக இருந்தாலும் ஒரு கரண்டிதான். இன்னும் வேண்டுமென்று கேட்பவர்களுக்கு மறுபடி ஒரு கரண்டி.

இப்போது பெருக்கிப் பாருங்கள். 764 டம்ளர், 150 மில்லி வீதம் 115 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. சிந்துவது, இரண்டாம் முறை கேட்பது எல்லாவற்றுக்குமாகப் பத்தில் ஒரு பங்கு கூட்டினால் 126 லிட்டர். பிள்ளைகள் பானகத்தைத்தான் விரும்புவார்கள். சர்க்கரை நோய் உள்ள பெரியவர்களுக்கு நீர்மோர்தான் சரி. அதனால் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 84 லிட்டர் பானகம். மீதி 42 லிட்டர் மோர்.

பானகத்துக்கு லிட்டருக்கு 150 கிராம் வெல்லம் அளவான இனிப்பு. 84 லிட்டருக்கு 12.6 கிலோ வருகிறது, 13 கிலோவாக வைத்துக்கொள்வோம். எலுமிச்சை லிட்டருக்கு ஒன்று. சாறில்லாத பழங்களும் இருக்கும் என்பதால் நூறு பழம் வேண்டும். சுக்கு 100 கிராம், ஏலக்காய் 40 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. இவற்றைப் பள்ளியே வாங்கிக்கொள்ளும். பெரிய அளவில் போடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். கரைந்த வெல்லமும் இடம் பிடிக்கும், ஒரு கிலோவுக்குச் சுமார் 600 மில்லி. எலுமிச்சைச் சாறும் இரண்டரை லிட்டர் இருக்கும். ஆகவே 84 லிட்டர் பானகத்துக்கு 74 லிட்டர் தண்ணீரே போதும். 84 லிட்டரும் ஊற்றிவிட்டால் ருசி செத்துவிடும்.

எவ்வளவு கணக்குப் போட்டாலும், எத்தனை பேர் வருவார்கள் என்பதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஐந்து பேர் வருகிறோம் என்ற வீட்டிலிருந்து இரண்டு பேர் வருவார்கள். வர முடியாது என்ற வீட்டிலிருந்து பாட்டி, அத்தை, அத்தை பிள்ளைகள் எல்லாரும் வந்து நிற்பார்கள். இதற்கு வழி, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கலக்காமல் இருப்பதுதான். இதை நீங்கள் வீட்டு விசேஷங்களிலும் செய்து பாருங்கள்.

வெல்லம் முழுவதையும் வெள்ளிக்கிழமை காலையிலேயே 13 லிட்டர் தண்ணீரில் சூடாக்கிக் கரைத்துவிடுவோம். பாகுப் பதமெல்லாம் வேண்டாம், கரைந்தால் போதும். வெல்லத்தில் மண்ணும் கரும்புச் சக்கையும் இருக்கும், அதனால் வெள்ளைத் துணியில் வடிகட்டி ஆறவிட வேண்டும். இருபது லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கெட்டிக் கரைசல் கிடைக்கும். பிறகு ஒவ்வொரு தடவையும் ஐந்து லிட்டர் கரைசல், பதினைந்து லிட்டர் தண்ணீர், அந்த நேரத்தில் பிழிந்த இருபது எலுமிச்சை. காலையிலேயே பிழிந்து வைத்தால் சாறு கசந்துவிடும். ஒரு தடவை கலக்கினால் 130 டம்ளருக்கு மேல் வரும். மொத்தம் நான்கு தடவைக்குக் கரைசல் இருக்கும்.

மூன்றரை மணிக்கு இரண்டு தடவைக்கானதைக் கலக்குவோம். மூன்றாவதை ஆறு மணிக்கு மேல்தான் கலக்குவோம். வேலையிலிருந்து வருகிறவர்களுக்கு அது. ரமலான் நோன்பு நாட்களில் விழா வருவதால், நோன்பிருக்கும் வீடுகளுக்காகவும் அதிலிருந்தே மூடி போட்ட பாத்திரத்தில் தனியாக எடுத்துவைப்போம். நோன்பு திறக்கும் நேரத்தில் அவர்கள் கூட்டத்தில் முண்டியடிக்க வேண்டியதில்லை. நான்காவது தடவை, தேவைப்பட்டால் மட்டும். கலக்காத கரைசல் குளிர்ப்பெட்டியில் இரண்டு மூன்று நாள் நன்றாகவே இருக்கும், திங்கட்கிழமை பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடலாம். பிழியாத பழம் பழமாகவே இருக்கும்.

மோருக்கும் இதே முறைதான். ஒரு லிட்டர் தயிருக்கு நான்கு லிட்டர் தண்ணீர் என்றால் 42 லிட்டருக்கு எட்டரை லிட்டர் தயிர் ஆகும். ஒன்பது இருந்தால் கவலையில்லை. இஞ்சி, பச்சை மிளகாய் தட்டிப்போட்டு உப்போடு கெட்டியாகக் கடைந்து, வடிகட்டி வைத்துக்கொண்டு, அவ்வப்போது தண்ணீர் சேர்க்க வேண்டும். கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் கடைசியில். வெயில் நாளில் மோர் இரண்டு மூன்று மணி நேரத்தில் புளிக்கத் தொடங்கிவிடும், எனவே தயிரை வியாழன் இரவு உறைக்கு ஊற்றியதாகக் கொடுங்கள்.

ஐஸ் வேண்டாம். மீனுக்குப் போடும் ஐஸ் கட்டி குடிப்பதற்கானதல்ல, நல்ல ஐஸாக இருந்தாலும் உருக உருகப் பானகம் நீர்த்துப்போகும். அதற்குப் பதில் மண்பானை. பானையின் நுண்துளைகள் வழியாகக் கசியும் ஈரம் காற்றில் காயும்போது உள்ளிருக்கும் தண்ணீர் குளிர்கிறது. பானகத்தில் முக்கால் பங்கு அந்தத் தண்ணீர்தான் என்பதால் அந்தக் குளிர்ச்சியே போதும். பெரிய பானை உள்ள வீடுகள் புதன்கிழமையே கொடுத்தால், கழுவி, தண்ணீர் ஊற்றி, வேப்பமர நிழலில் வைத்துவிடுவோம். கலக்குவதற்கு எவர்சில்வர் அண்டா மட்டும். ஈயம் பூசாத பித்தளையிலும் அலுமினியத்திலும் எலுமிச்சையும் மோரும் படக் கூடாது.

கடையில் கிடைக்கும் கலர் பொடிகளையும் பாட்டில் பானங்களையும் தயவுசெய்து கொண்டுவர வேண்டாம்.

காகிதக் கப் வாங்கித் தருகிறோம் என்று சில பெற்றோர் கேட்டீர்கள். நல்ல மனதுக்கு நன்றி. ஆனால் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும், பிளாஸ்டிக் கப்பும், தண்ணீர் பாக்கெட்டும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவை. பள்ளி வளாகத்தில் அவற்றை வைக்க எனக்கு மனம் வராது. ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து எத்தனை பேர் வருகிறார்களோ அத்தனை எவர்சில்வர் டம்ளர் கொண்டுவரட்டும். பெயர் வெட்டியிருந்தால் நல்லது, இல்லாவிட்டால் அடியில் நெயில் பாலிஷால் ஒரு அடையாளம் வையுங்கள். கழுவுவதற்குக் குழாயடியில் தனி ஏற்பாடு இருக்கும்.

இனி, யார் எதைத் தருவது என்பது. விருப்பமுள்ளவர்கள் மட்டும் தந்தால் போதும், யாருக்கும் கட்டாயமில்லை. தராத வீட்டுப் பிள்ளையிடம் எந்த ஆசிரியரும் காரணம் கேட்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை வீட்டுக்கு இரண்டு எலுமிச்சை. நான்கு முதல் எட்டு வரை அரை கிலோ வெல்லம், 26 வீடுகள் தந்தால் கணக்கு முடிந்தது. பளிச்சென்ற மஞ்சள் வெல்லத்தைவிடக் கருத்த உருண்டை வெல்லமே நல்லது. மாடு வைத்திருக்கும் ஒன்பது வீடுகள் ஆளுக்கு ஒரு லிட்டர் தயிர் தந்தால் போதும். வெல்லத்தை வியாழக்கிழமைக்குள்ளும், பழத்தையும் தயிரையும் வெள்ளி காலையிலும் வகுப்பாசிரியரிடம் சேர்த்துவிடுங்கள். கலக்க 110 லிட்டர் தண்ணீர் ஆகும், அதற்கு ஆறு கேன் சொல்லியாகிவிட்டது. சும்மா குடிக்கும் தண்ணீருக்குத் தனியாக ஆறு கேன்.

இத்துடன் ஒரு சிறு துண்டுச் சீட்டு இணைத்திருக்கிறேன். உங்கள் வீட்டிலிருந்து பெரியவர்கள் எத்தனை பேர், பள்ளியில் படிக்காத பிள்ளைகள் எத்தனை பேர், ஆறு மணிக்கு முன்பா பின்பா என்று மட்டும் எழுதி, 23ஆம் தேதி திங்கட்கிழமைக்குள் கொடுத்தனுப்புங்கள். எழுதச் சிரமமானால் பிள்ளையிடம் வாயால் சொல்லுங்கள், அவர்களே எழுதிக்கொள்வார்கள். சீட்டுகள் வந்ததும் எட்டாம் வகுப்பு மறுபடி கணக்குப் போடும். எண்ணிக்கை கூடினாலோ குறைந்தாலோ செவ்வாய்க்கிழமை உங்களுக்குச் சொல்லிவிடுவோம்.

ஊற்றிக்கொடுக்க மூன்று மணிக்கு நான்கு பேரும், ஆறு மணிக்கு மேல் இன்னும் நான்கு பேரும் தேவை. ஆறு மணி முறைக்கு இதுவரை யாரும் பெயர் கொடுக்கவில்லை. சீக்கிரம் வந்துவிடும் பெற்றோர், குறிப்பாக அப்பாக்கள், அந்த முறைக்குப் பெயர் கொடுத்தால் பெரிய உதவியாக இருக்கும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்