கூட்டுக்குக் காவல் இருக்கிறது, மரத்துக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அருகிப்போயிருந்த அமெரிக்காவின் வெண்தலைக் கழுகு மீண்டு வந்ததைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை, 1972இல் டி.டி.டி. பூச்சிக்கொல்லிக்கு விதிக்கப்பட்ட தடையோடு நின்றுவிட்டது. அத்தடையின் பங்கு பெரிது என்பதில் ஐயமில்லை. மீன்களின் வழியே கழுகின் உடலில் சேர்ந்த நஞ்சால் முட்டை ஓடுகள் மெலிந்து, அடைகாக்கும் பறவையின் எடையைத் தாங்காமல் உடைந்தன. 1963இல், அலாஸ்காவும் ஹவாயும் நீங்கலான 48 மாநிலங்களில் கூடுகட்டிய இணைகளாக அறியப்பட்டவை 417 மட்டுமே. 2021இல் வெளியான அரசின் மதிப்பீடோ 71,400 இணைகள் என்கிறது.

இந்த எண்ணிக்கையைக் கண்டு நாம் அடையும் நிறைவு, கழுகு எங்கே கூடுகட்டுகிறது என்ற கேள்வியை மறக்கடித்துவிடக் கூடாது என்பதே என் கவலை. அருகிவரும் உயிரினங்களுக்கான சட்டத்தின் பட்டியலிலிருந்து 2007இல் நீக்கப்பட்ட பின், இப்பறவைக்கு முதன்மையான காவலாக இருப்பது 1940ஆம் ஆண்டின் கழுகுப் பாதுகாப்புச் சட்டம். கொல்வது, பிடிப்பது, விற்பது ஆகியவற்றோடு கூட்டையும் முட்டையையும் தொந்தரவு செய்வதையும் அது குற்றமாக்குகிறது. பறவைகள் இல்லாத பருவத்திலும் அனுமதியின்றிக் கூட்டை அகற்ற முடியாது. முதல் குற்றத்துக்கே ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. வலுவான சட்டம்தான், மறுக்கவில்லை.

ஆனால் அது காப்பது இன்று இருக்கும் கூட்டை. வெண்தலைக் கழுகு ஒரே கூட்டுக்கு ஆண்டுதோறும் சுள்ளிகளைச் சேர்த்துப் பெரிதாக்கிக்கொண்டே போகும் பறவை. ஃபுளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அருகே அளக்கப்பட்ட ஒரு கூடு ஆறு மீட்டர் ஆழமும் இரண்டு டன்னுக்கு மேல் எடையும் கொண்டிருந்தது. அத்தகைய பாரத்தைத் தாங்க, மீன் கிடைக்கும் நீர்நிலைக்கு அருகே வயதான, உயர்ந்த மரம் வேண்டும். புயலில் அம்மரம் சாய்ந்தால் பக்கத்தில் அதே தரத்தில் இன்னொன்றும் வேண்டும். அந்த இன்னொரு மரத்தை வெட்டுவதை 1940ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலும் தடுப்பதில்லை. கூட்டிலிருந்து 660 அடிக்குள் கட்டுமானப் பணிகளைத் தவிர்க்குமாறும், முதிர்ந்த மரங்களை விட்டுவைக்குமாறும் 2007இல் வெளியான வழிகாட்டுதல்கள் கூறினாலும், அவை அறிவுரைகளே. சட்டக் கட்டளைகள் அல்ல.

அமெரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள செசபீக் விரிகுடா போன்ற இடங்களின் கரைகளில் மனிதர் வீடு கட்ட விரும்பும் இடமும் கழுகு கூடுகட்ட நாடும் இடமும் ஒன்றாகவே இருக்கின்றன. நிலம் உரிமையாளரிடமே இருக்க, அதில் கட்டடம் எழுப்புவதில்லை என நிரந்தர ஒப்பந்தம் செய்துகொண்டு வரிச்சலுகை பெறும் முறை அந்நாட்டில் ஏற்கெனவே உள்ளது. கரையோர முதுமரங்கள் நிற்கும் தனியார் நிலங்களுக்கு முன்னுரிமை கொடுத்து அதை விரிவாக்குவதே, இந்தச் சட்டம் விட்டுவைத்திருக்கும் இடைவெளியை அடைக்க எளிய வழி என்று கருதுகிறேன். இது குறித்தும் தங்கள் நாளிதழ் விரிவாக எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்