அமெரிக்கப் போரின் கடைசிக் களம் கடலூர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க விடுதலைப் போரின் படைத்தலைவர்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான தொடரின் முதல் பகுதியைப் படித்தேன். வாஷிங்டனின் தோல்விகளையும் மறைக்காமல் எழுதியிருப்பது பாராட்டுக்குரியது. ஆனால், 1781 அக்டோபர் 19 அன்று யார்க்டவுனில் ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸின் படை சரணடைந்ததோடு போர் முடிந்துவிட்டதாகக் கட்டுரையாளர் கூறுவதைச் சென்னையில் இருந்துகொண்டு படிக்கும் ஒருவரால் அப்படியே ஏற்க இயலவில்லை. அந்தப் போரின் ஒரு கிளை அதற்கு முன்பே நம் கரைக்கு வந்துவிட்டது; யார்க்டவுனுக்குப் பிறகும் ஏறத்தாழ இருபது மாதங்கள் இங்கே நீடித்தது.

1777 அக்டோபரில் சாரட்டோகாவில் ஆங்கிலேயத் தளபதி பர்கோயின் சரணடைந்த பிறகுதான் பிரான்ஸ் துணிந்து, 1778 பிப்ரவரியில் அமெரிக்கர்களோடு உடன்படிக்கை செய்துகொண்டது. இதனால் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் போர் மூண்டதும், ஹெக்டர் மன்றோ தலைமையிலான கும்பினிப் படை, அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை, அதே ஆண்டு அக்டோபரில் பிரெஞ்சுக்காரரின் புதுச்சேரியைப் பிடித்தது. 1779 மார்ச்சில் மலையாளக் கரையில் இருந்த பிரெஞ்சுத் துறைமுகமான மாஹேயும் வீழ்ந்தது. மாஹே தம் பாதுகாப்பில் உள்ள ஊர் என்று எச்சரித்திருந்த மைசூர் ஆட்சியாளர் ஹைதர் அலிக்கு, படைக்கலங்கள் வந்திறங்கிய துறைமுகமும் அதுவே. மராத்தியர் தாக்கியபோது, 1769-இல் சென்னையில் செய்துகொண்ட உடன்படிக்கையை மீறிக் கும்பினியார் உதவிக்கு வரவில்லை என்ற பழைய மனக்கசப்பும் அவருக்கு இருந்தது. 1780 ஜூலையில் அவர் ஆர்க்காட்டுச் சீமைக்குள் இறங்கினார். செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் கும்பினித் தளபதி பெய்லியின் படை அழிந்தது. சில மைல் தொலைவில் இருந்தும் முழுப் படையோடு உரிய நேரத்தில் போய்ச் சேராத மன்றோ, பெரிய பீரங்கிகளைக் காஞ்சியின் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குத் திரும்பினார். ஹைதர் அமெரிக்கர்களுக்காகப் போரிட்டார் என்று சொல்வது மிகையாகும். அவருடைய கணக்கு வேறு. ஆனால் சாரட்டோகாவிலிருந்து புள்ளலூர் வரை ஒன்றிலிருந்து ஒன்றாக நிகழ்வுகள் நீண்டதை மறுக்க முடியாது.

யார்க்டவுன் வெற்றிக்கு வாஷிங்டனின் வேகத்தையும் பிரெஞ்சுத் தளபதி ரோஷாம்போவின் ஒத்துழைப்பையும் கட்டுரையாளர் காரணமாகக் காட்டுகிறார். அவை இருந்தும், 1781 செப்டம்பர் 5 அன்று செசபீக் விரிகுடாவின் வாயிலில் தே கிராஸின் பிரெஞ்சுக் கடற்படை ஆங்கிலேயக் கப்பல்களைத் தடுத்திராவிட்டால், கார்ன்வாலிஸ் கடல்வழியே உதவி பெற்றிருப்பார் அல்லது கப்பலேறித் தப்பியிருப்பார். அதே ஆண்டு பிப்ரவரியில் கடலூரில் ஆங்கிலேயத் தளபதி ஏர் கூட்டின் படையும் இத்தகைய பொறியில்தான் சிக்கியிருந்தது. ஹைதரின் குதிரைப்படை சுற்றுவட்டாரத்தை வெறுமையாக்கியிருந்ததால், கப்பலில் வரும் அரிசியைத் தவிர அந்தப் படைக்கு வேறு உணவில்லை. அந்த வேளையில் தோர்வ் என்ற பிரெஞ்சுத் தளபதி தம் கப்பல்களோடு கண்ணெதிரே வந்து நின்றார். சில நாட்கள் தங்கியிருந்தாலே போதும் என்று ஹைதர் வற்புறுத்தியும் கேளாமல், மொரீஷியசுக்குத் திரும்பிவிட்டார். பிழைத்துக்கொண்ட கூட், ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டையில் ஹைதரையே தோற்கடித்தார். ஆயினும் வண்டி மாடுகளும் தானியமும் இல்லாததால் அந்த வெற்றியைத் தொடர்ந்து முன்னேற முடியவில்லை. அவருக்கு முன்பே அந்த மார்ச் மாதம் அமெரிக்காவின் கில்ஃபோர்டில் வென்ற கார்ன்வாலிஸின் கதியும் இதுதான்: படையில் நாலில் ஒரு பங்கை இழந்து, கடற்கரையை நோக்கி ஒதுங்க நேர்ந்தது. அங்கே அவரை அலைக்கழித்த அமெரிக்கத் தளபதி நதானியேல் கிரீனுக்குக் கட்டுரையில் இரண்டே வரிகள் ஒதுக்கியிருப்பது, என் பார்வையில், அநியாயம்.

கடல் ஆதிக்கத்தின் அருமையை நன்கு உணர்ந்த பிரெஞ்சுத் தளபதி சஃப்ரென் இங்கே வந்து சேர்ந்தது 1782-இல்தான். அந்தப் பிப்ரவரியில் சதுரங்கப்பட்டினத்துக்கு அப்பால் தொடங்கி, அவரும் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸும் ஐந்து முறை மோதினர். கடைசி மோதல் 1783 ஜூன் 20 அன்று கடலூருக்கு எதிரே நடந்தது. கரையில் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் ஆங்கிலேயப் படை, கடலூரில் இருந்த பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியை வளைத்திருந்தது. ஒரு வாரத்துக்கு முன்னர்தான் இரு தரப்பிலும் பெரும் உயிர்ச்சேதம் நேர்ந்திருந்தது. பதினைந்து கப்பல்களுடன் வந்த சஃப்ரென், பதினெட்டுக் கப்பல்கள் வைத்திருந்த ஹியூஸைச் சென்னைக்குப் பின்வாங்கச் செய்தார். இங்கிலாந்தும் பிரான்சும் ஜனவரி 20 அன்றே முன்னோடிச் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்ட செய்தி ஜூன் இறுதியில்தான் இங்கே எட்டியது. முடிந்துபோன போருக்காகக் கடலூரில் அத்தனை பேர் மாண்டனர்.

படைத்தலைவர்களைப் பற்றிய தொடர் என்பதால், ஊர்மக்கள் பட்டபாட்டைக் கட்டுரையாளர் விரித்து எழுத வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை. எனினும் 1782-இல் போரால் சென்னையில் பஞ்சம் வந்ததையும், அந்த அக்டோபர்ப் புயலில் அரிசிக் கப்பல்கள் பல உடைந்ததையும், பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கப்பட்டதே வடசென்னையின் மணியக்காரர் சத்திரம் என்பதையும் ஒரு பத்தியிலாவது சேர்க்கலாம். அந்தச் சத்திரத்திலிருந்து வளர்ந்த ஸ்டான்லி மருத்துவமனையைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொல்லிப் பழகிய குடும்பங்கள் அதைப் படித்தால் வியப்படையும்.

1778 டிசம்பரில் ஜார்ஜியாவின் சவானா நகரைக் கைப்பற்றிய ஆங்கிலேயத் தளபதி ஆர்ச்சிபால்ட் கேம்பல் 1786-இல் சென்னையின் ஆளுநராக வந்தார். யார்க்டவுனில் வாளை ஒப்படைக்க, உடல்நலமில்லை என்று சொல்லித் தமக்குக் கீழிருந்த ஓ'ஹாராவை அனுப்பிய கார்ன்வாலிஸ், அதே ஆண்டு தலைமை ஆளுநராகப் பதவியேற்று, 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து பாதி நாட்டையும் இரண்டு புதல்வர்களையும் பெற்றுக்கொண்டார். சிறுவர்களைப் பிணையாக ஒப்படைக்கும் காட்சி, கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கும் அவருடைய பளிங்குச் சிலையின் பீடத்தில் செதுக்கப்பட்டுள்ளது. தொடரின் அடுத்த பகுதியில் யார்க்டவுன் ஓவியத்தோடு இந்தச் சிலையின் படத்தையும் வெளியிடுமாறும், போர் முடிந்த ஆண்டை 1783 என்று திருத்துமாறும், புள்ளலூர், சதுரங்கப்பட்டினம், கடலூர், பரங்கிப்பேட்டை ஆகிய ஊர்களைக் குறித்த வரைபடம் ஒன்றைச் சேர்க்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்,
பெரம்பூர், சென்னை.