றங்குப் பெட்டி திறந்தவர்களுக்கு நன்றி

அன்பான ஊரவர்களுக்கு,

எங்கள் வாசிகசாலையில் இரண்டு நாள் நடந்த பழைய பள்ளிக்கூடப் படக் கண்காட்சி முடிந்து, இரவல் வாங்கிய கதிரைகளையும் திருப்பிக் கொடுத்தாயிற்று. கடைசி நாள் நன்றியுரைக்கு எழும்பினேன், தொண்டை கட்டிக்கொண்டது. பாதிப் பேரை விட்டுவிட்டேன். அதனால்தான் இந்த மடல்.

முதலில் கோண்டாவில் அக்கா. பள்ளிக்கூடத்துச் சரித்திரம் பள்ளிக்கூட அலுமாரியில்தானே இருக்கும் என்று நம்பி, இரண்டு மாதம் கந்தோர் வாசல்களில் நின்றவன் நான். இருந்தால்தானே தருவார்கள்? ஷெல் விழுந்து கொஞ்சம், இடம்பெயர்ந்ததில் கொஞ்சம், மிச்சத்தைக் கறையான் பார்த்துக்கொண்டது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 புத்தகங்களைப் பறிகொடுத்த ஊர் இது. சரி, விட்டுவிடுவோம் என்று இருந்தபோதுதான் அக்கா கட்டிலுக்கு அடியிலிருந்து றங்குப் பெட்டியை இழுத்தார். அந்துருண்டை மணம். மேலே ஒரு கூறைச்சேலை, அதற்குக் கீழே சொப்பிங் பைக்குள் சொப்பிங் பையாக மூன்று சுற்று. உள்ளே அவருடைய ஐயா பரமேசுவராக் கல்லூரியில் படித்த காலத்துத் தேர்ச்சி அறிக்கையும் ஒரு வகுப்புப் படமும். 1995 ஒக்டோபர் இடம்பெயர்வில் நாவற்குழிப் பாலத்தைச் சனத்தோடு சனமாகக் கடந்தபோது, "சங்கிலி கழுத்தில கிடந்தது, இதை மட்டும் கையில வைச்சிருந்தன்" என்றார். அந்த அறிக்கையில் ஐயாவுக்குக் கணக்கு 34 புள்ளி. அதையும் மறைக்காமல் காட்சிக்கு வைக்க விட்டாரே, அதற்குத் தனி நன்றி.

அந்தப் படத்தின் முன்னால் நின்ற பல்கலைக்கழகப் பிள்ளைகள் பலருக்குத் தாங்கள் படிக்கும் வளவின் கதை தெரிந்திருக்கவில்லை. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் மருதனார்மடத்தில் பெண்பிள்ளைகளுக்கு இராமநாதன் கல்லூரியையும், 1921இல் திருநெல்வேலியில் ஆண்பிள்ளைகளுக்குப் பரமேசுவராக் கல்லூரியையும் தொடங்கினார். 1974இல் பரமேசுவராவின் வளவில்தான் யாழ்ப்பாண வளாகம் வந்தது.

அடுத்தது வட்டுக்கோட்டை மாஸ்ரர். வட்டுக்கோட்டைச் செமினரி என்ற மிசன் கல்லூரி பற்றிய பலகை முழுவதும் அவர் எழுதித் தந்தது. அமெரிக்க மிசன் 1823இல் தொடங்கி, டானியல் பூவர் தலைமையில் வளர்ந்த செமினரி அது. பிள்ளைகளின் செலவைக் கடல் கடந்து ஒருவர் கட்டுவார், அவர் பெயர் இங்கே ஒரு பொடியனின் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். மானிப்பாய்ச் சதாசிவம்பிள்ளை ஆர்னல்ட் ஆனதும், விசுவநாதபிள்ளை கரோல் ஆனதும் அப்படித்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான கரோலும் சிறுப்பிட்டித் தாமோதரம்பிள்ளையும் இந்தச் செமினரியில் படித்தவர்கள். அப்படிப்பட்ட இடத்தை, சுதேச மொழிப் படிப்பே போதும் என்று 1855இல் மிசன் மூடிவிட்டது. ஊருக்கோ இங்கிலீசு வேண்டியிருந்தது. 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி அதே வட்டுக்கோட்டையில் எழும்பியது. இந்தப் பலகையை மாஸ்ரர் நான்கு தரம் கிழித்து எழுதினார். எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஐந்தாவதைப் பார்த்த பிறகு கோபம் போய்விட்டது.

சுண்டுக்குளி ஐயாவையும் மறக்க முடியாது. பரியோவான் கல்லூரி 1823இல் சுண்டுக்குளியில் தொடங்கியது என்று நான் எழுதி ஒட்டியிருந்தேன். அவர் வந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு, "தம்பி, நல்லூரில தொடங்கினது. சுண்டுக்குளி பிறகு" என்று மெதுவாகக் காதுக்குள் சொன்னார். சத்தம் போட்டிருந்தால் மத்திய கல்லூரிக்காரருக்குக் கொண்டாட்டமாகப் போயிருக்கும். இரண்டு பள்ளிக்கூடமும் 1904 தொடக்கம் கிரிக்கெட்டில் மோதுகிறவை அல்லவா!

எது மூத்த பள்ளிக்கூடம் என்ற சண்டையும் ஒரு அரைமணி நேரம் நடந்தது. தெல்லிப்பழைக்காரர் தங்கள் யூனியன் கல்லூரி 1816 என்றார்கள். உடுவில் அம்மா ஒருவர், "பெட்டைப் பிள்ளையளுக்கு விடுதியோட 1824இலேயே ஆர் வைச்சது?" என்று கேட்டு வாயை அடைத்தார். வண்ணார்பண்ணைக்காரர் ஆறுமுக நாவலர் 1848இல் தொடங்கிய சைவப்பிரகாச வித்தியாசாலையை இழுத்தார்கள். என்னைக் கேட்டால், பாதிரிமார் ஒரு பள்ளிக்கூடம் கட்ட, சைவர்கள் பதிலுக்கு ஒன்று கட்ட, இந்தப் போட்டியில் லாபம் பிள்ளைகளுக்குத்தான். மிசன் பள்ளிக்கூடமான மத்திய கல்லூரியில் படித்து, அங்கேயே படிப்பித்து, பேர்சிவல் பாதிரியாரோடு பைபிள் மொழிபெயர்ப்பிலும் இருந்தவர்தான் நாவலர். சண்டைக்காரருக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்த மாதர் சங்கத்துக்கும் நன்றி.

படங்களைப் பிரதி எடுத்த இரண்டு தம்பிமாருக்குக் கடன்பட்டிருக்கிறேன். சில படங்கள் சட்டக் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தன. உரித்தால் முகங்கள் கண்ணாடியோடு போய்விடும். அவர்கள் உரிக்கவில்லை. முற்றத்து வேப்பமர நிழலில் வைத்து, வெளிச்சம் தெறிக்காமல் கறுப்புத் துணி பிடித்து, கண்ணாடிக்கு மேலாகவே படம் எடுத்தார்கள். ஒரு முகமும் கெடவில்லை.

தந்த பொருள்களையெல்லாம் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டோம். ஒன்று மட்டும் மிஞ்சியிருக்கிறது: வேம்படி மகளிர் கல்லூரி வலைப்பந்து அணியின் படம், பின்பக்கம் நீல மையில் "பெரியக்கா, இடமிருந்து மூன்றாவது" என்று எழுதியிருக்கிறது. கொண்டுவந்தவர் பெயர் பதியாமல் போய்விட்டார். வாசிகசாலை மேசை லாச்சிக்குள் பத்திரமாக இருக்கிறது. பின்னேரம் 4 மணிக்குப் பிறகு திறந்திருக்கும், வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.