ஆந்தையின் சீப்பு மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

ஆந்தை இறகைப் பார்த்து, சத்தம் குறைந்த ட்ரோன் விசிறி செய்யும் முயற்சி பற்றி உங்கள் அறிவியல் பக்கத்தில் படித்தேன். தொழிற்சாலை விசிறிகளை வடிவமைப்பதுதான் என் பிழைப்பாக இருந்தது. இரைச்சலோடு மல்லுக்கட்டியே ஓய்வு பெற்றவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

இறகின் முன்விளிம்பில் சீப்புப் பற்கள், பின்விளிம்பில் குஞ்சம், மேற்பரப்பில் வெல்வெட் போன்ற மென்மை என்று கட்டுரை சொன்ன மூன்றும் சரிதான். கிரகாம் என்ற ஆங்கிலேயர் 1934-லேயே இவற்றை எழுதிவைத்துவிட்டார். ஆனால் முக்கியமான ஒன்று விட்டுப்போயிருக்கிறது. உடம்பின் எடைக்கு ஆந்தையின் சிறகு மிகப் பெரியது. அதனால்தான் ஆந்தையால் மெதுவாகப் பறக்க முடிகிறது. பாதி அமைதி அங்கேயே வந்துவிடுகிறது.

விசிறிக்காரர்கள் முதலில் கேட்பது பிளேடின் நுனி வேகத்தைத்தான். ஒலித்திறன் அந்த வேகத்தின் ஏறக்குறைய ஐந்தாம் படியில், அதாவது வேகத்தை ஐந்து தடவை எழுதிப் பெருக்கிய கணக்கில், ஏறும். நுனி வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தால் சுமார் 5 டெசிபல் இறங்கிவிடும், பல்லும் வேண்டாம் குஞ்சமும் வேண்டாம். அதற்குப் பிளேடு பெரிதாக வேண்டும். எடை கூடும், மடக்கி வைக்க இடம் போதாது, திடீர்க் காற்றடித்தால் ட்ரோன் சுதாரிக்கச் சற்றுத் தாமதமாகும். இந்தத் தொல்லைக்குப் பயந்துதான் பலரும் பழைய பிளேடிலேயே பல் வெட்டிப் பார்க்கிறார்கள் என்பது என் சந்தேகம்.

அப்புறம், எந்தச் சத்தம் அடங்குகிறது என்றும் பார்க்க வேண்டும். பல்லும் குஞ்சமும் அடக்குவது காற்றின் கலக்கத்தால் எழும் 'உஸ்' என்ற இரைச்சலை. காதைக் குடைவதோ ரீங்காரம். இரண்டு பிளேடு கொண்ட விசிறி நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றினால், நொடிக்கு 200 முறை காற்றை அறைகிறது. 200 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் நம் தலைக்கு மேல் நிற்கும். ஆந்தைக்கு இந்தப் பிரச்சினையே கிடையாது, அது சுற்றுவதில்லையே! ஒரே அளவு சத்தத்தில் கேட்கவைத்தபோதும், சாலை வண்டிகளைவிட ட்ரோனே அதிக எரிச்சல் தருவதாக மக்கள் சொன்னதை நாசா ஆய்வாளர்கள் 2017-ல் பதிவு செய்தார்கள். இசி135 ஹெலிகாப்டரின் வால் விசிறியில் பிளேடுகளைச் சமமில்லாத இடைவெளியில் பொருத்தியிருப்பார்கள். ஒரே சுருதியில் குவியும் ஒலி பல சுருதிகளாகப் பிரிந்துவிடும். இயற்கையில் இல்லாத தந்திரம்தான், இருந்தாலும் ரீங்காரத்துக்கு இதுவே நேரான மருந்து.

குஞ்சத்தைப் பற்றி இன்னொன்று. ஆந்தைக்கு இறகு உதிர்ந்தால் புதிது முளைக்கும். பிளேடில் ஒட்டிய குஞ்சத்தில் ஒரு பக்கம் மட்டும் தூசி படிந்தாலோ தேய்ந்தாலோ சமநிலை போய்விடும். அந்த அதிர்வு புதுச் சத்தமாகக் கிளம்பும்.

சத்தம் குறைந்த விசிறி என்று அடுத்த முறை செய்தி போடும்போது, எத்தனை அடி தூரத்தில் அளந்தார்கள், பழைய விசிறி கொடுத்த அதே உந்துவிசையைப் புதியதும் கொடுக்கும் நிலையில் அளந்தார்களா என்ற இரண்டையும் கேட்டு வெளியிடுங்கள். உந்துவிசை குறைந்தால் மோட்டார் இன்னும் வேகமாகச் சுற்றித்தான் ட்ரோனைத் தாங்க வேண்டும். சோதனைக்கூடத்தில் குறைத்த டெசிபல் பறக்கும்போது திரும்ப வந்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விசிறி வடிவமைப்பாளர் ஒருவர்