64 பக்கத்தில் அரண்மனைச் சதி அடங்காது

மதிப்பிற்குரிய இளையோர் நாவல் போட்டிக் குழுவினருக்கு,

வணக்கம். இந்த ஆண்டு அறிவிப்பையும் பார்த்தோம். சென்ற முறை அத்தனை பேர் சொல்லியும் மூன்று விதிகள் அப்படியே இருக்கின்றன: 64 பக்கத்தைத் தாண்டக் கூடாது, முடிவில் நீதி வேண்டும், 'அயல்பாணி மாயக்கதை' கூடாது. எங்கள் கோரிக்கை ஒன்றே. 14 முதல் 18 வயதினருக்கான நாவலைச் சிறுவர் கதையிலிருந்து பிரித்து, 50,000 சொல் வரை இடம் கொடுங்கள்.

டெமி என்ற புத்தக அளவில் பக்கத்துக்கு 200 சொல் என்று வைத்தால் 64 பக்கம் 12,800 சொல். சில்க்பங்க் என்ற கற்பனைக் கதை வகையில், அரண்மனைச் சதியும் மர்மமும் சேர்ந்த ஒரு நாவலை அதற்குள் அடக்கினால் எது வெட்டுப்படும்? இந்த வகையில் இரும்புக்கும் நீராவிக்கும் பதில் பட்டும் மூங்கிலும் கயிறும் காற்றும்தான் பொறிகள். மந்திரம் போட்டுத் தப்ப முடியாது. பொறி எப்படி ஓடுகிறது என்று வாசகருக்குப் பிடிபட்டால்தான், அது கெட்ட விதம் துப்பாகும்.

ஒரு கதையை எடுத்துக்கொள்ளுங்கள். அரசியின் வான்கலத்துக்கான பட்டு அடுக்கியிருந்த கிடங்கு நள்ளிரவில் எரிகிறது. விளக்கேற்றும் பையன் பிடிபடுகிறான். வெறும் பட்டில் இழைகளுக்கு நடுவே காற்று கசியும், அதனால் ஆளிவிதை எண்ணெய் பூசியிருக்கிறார்கள். அந்த எண்ணெய் தண்ணீர் போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது, அப்போது சூடு பிறக்கிறது. விரித்துத் தொங்கவிட்டால் சூடு காற்றோடு போய்விடும். காயுமுன் மடித்து அடுக்கினால் உள்மடிப்பில் சூடு தங்கி, தானாகவே பற்றிக்கொள்ளலாம். தீ வைத்தவர் யாருமில்லை. காயுமுன் மடிக்கச் சொன்னது யார்?

இதை நேர்மையாக எழுத எண்ணெய் மூன்று முறை வந்தாக வேண்டும். முதலில் பட்டறை வாடையாக, பிறகு தொட்டால் சுடுகிற ஒரு மடிப்பாக, கடைசியில் விடையாக. அமைச்சரிடமிருந்து கிடங்குக் கணக்கர் வழியாக அந்த ஆணை இறங்கிவருவதையும் காட்ட வேண்டும். ஒவ்வொருவருக்கும் பொய் சொல்ல ஒரு காரணம் வேண்டும். 64 பக்கம் என்றால் முதலில் போவது வாடையும் மடிப்பும்தான். விடை எங்கிருந்தோ வந்து விழும். நடுவர் குறிப்பிலோ 'முடிவு நம்பும்படி இல்லை' என்று வருகிறது. ஐயா, வெட்டச் சொன்னது உங்கள் விதி.

'அயல்பாணி' என்ற சொல் இன்னும் வலிக்கிறது. எங்கள் புதுச்சேரி, கடலூர்க் கரையில் ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள் அலைக்கு வளைந்து கொடுத்துக் கரை சேர்ந்தன. 1690இல் கடலூர் அருகே தேவனாம்பட்டினம் கோட்டை மராட்டியரிடமிருந்து ஆங்கிலேயக் கம்பெனிக்குக் கைமாறியபோது பீரங்கிக் குண்டு விழுந்த தூரமே எல்லையானது. 1746இல் கனகராய முதலியார் இறந்தபின், புதுச்சேரி பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் துபாசிப் (மொழிபெயர்ப்பாளரும் வணிக முகவரும்) பதவிக்கு நடந்த இழுபறியை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் படித்த பிறகும் சதிக்கதை நமக்கு அயல் என்று சொல்ல முடியுமா?

பதினாறு வயதுக்குத் தமிழில் என்ன படிக்க என்று கேட்டால் ஒரு பக்கம் முயலும் சிங்கமும், மறுபக்கம் ஆயிரம் பக்கச் சரித்திர நாவல். நடுவில் உள்ள வயதை ஆங்கிலத்துக்கு விட்டுவிட்டு, பிள்ளைகள் தமிழ் வாசிப்பதில்லை என்று மேடைதோறும் வருந்துகிறோம். நீதி விதி பற்றித் தனியே சொல்லத் தேவையில்லை. பழி சுமந்த பையன் விடுதலையாவதற்குக் கீழே இன்னொரு நீதியை எழுத இடமில்லை.

கோபத்தில் சொல் மிகுந்திருந்தால் பொறுத்தருளுங்கள். தனிப் பிரிவு, 50,000 சொல் என்று இந்த ஆண்டே விதியைத் திருத்த அன்புடன் வேண்டுகிறோம். திருத்தினால் கடைசி நாளையும் ஆறு மாதம் தள்ளிவையுங்கள். இப்போதுள்ள ஆறு வாரத்தில் அவ்வளவு எழுத முடியாது.

இப்படிக்கு,
புதுச்சேரி, கடலூர் வாசகர்களும் எழுதுகிறவர்களும்